சனிக்கிழமை ராத்திரி மாத்திரைய என்ன பண்றதுங்க?

சனிக்கிழமை பொழுதோட 7 மணிக்கு மேல எங்க மெடிக்கல்ல ஒரு தனி கூட்டம் வருமுங்க. கோபி பக்கம் ஊரு, திருப்பூர் பனியன் கம்பெனி பஸ்ஸெல்லாம் வந்து ஆள எறக்கி விடற நேரம், கையில வாரச் சம்பளம் இருக்கும், பாதிப் பேரு நேரா பிராந்திக் கடைக்குப் போவாங்க, மீதிப் பேரு ஊட்டுக்கு வேணுங்கற மாத்திரை மருந்து வாங்கிட்டு அப்புறம் கடைக்குப் போவாங்க. அதுல ஒரு தம்பி, முப்பது வயசு இருக்கும், சீட்டை நாலா மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டு எடை மெஷின் பக்கத்துல ஒதுங்கி நிக்கும், கூட்டம் கரைஞ்சதுக்கு அப்புறம்தான் சீட்டை நீட்டும். ஓலான்சபின்னு மனநோய்க்குக் குடுக்கற மாத்திரை, 10 மில்லிகிராம், ராத்திரி ஒண்ணு. ரெண்டு வருசமா வாங்குது, ஒரு வார்த்தை பேசினதில்ல. போன மாசம் ஒரு நாள் காசு குடுத்துட்டும் போகாம நின்னுச்சு. "ஏனுங்க்கா, நாளைக்கு பங்காளி ஊட்டுல கெடா வெட்டுங்க, தண்ணி போடற மாதிரி வருமுங்க, மாத்திரைய எந்நேரத்துக்குப் போட்டா ஆகுமுங்க, இல்ல நாளைக்கு ஒரு நாள் விட்டுறட்டுங்களா?"

14 வருசமா கவுண்டர்ல நிக்கறேன், இந்தக் கேள்விய வாய் விட்டுக் கேட்டவங்கள விரல் விட்டு எண்ணிறலாம். கேக்காம தானா ஒரு முடிவு எடுத்துக்கிட்டவங்கதான் நெறைய, அந்த முடிவு கிட்டத்தட்ட எப்பவும் ஒண்ணுதான், குடிக்கற அன்னைக்கு மாத்திரைய விட்டுறது. எங்க சின்ன மாமாவும் அப்படித்தான் பண்ணிட்டு இருந்தாரு, அது எங்களுக்கு தெரியறதுக்கு நாலு வருசம் ஆச்சு. அதுனாலதான் இத கொஞ்சம் வெலாவரியா எழுதறேன், குடிச்சா ஆபத்துன்னு ஒத்தை வரியில சொல்லி அனுப்பறது யாருக்கும் உதவறதில்லைங்கறத நான் ஊட்டுலயே பாத்துட்டேன்.

முதல்ல மாத்திரைய பத்தி. சிசோப்ரினியா (மனச்சிதைவு), பைபோலார் (மனசு அளவுக்கு மீறி ஏறி எறங்கற நோய்) மாதிரி நோய்க்கு குடுக்கற இந்த மருந்துகள எங்க பக்கம் யாரும் மனநோய் மாத்திரைன்னு சொல்ல மாட்டாங்க, நரம்பு மாத்திரைம்பாங்க, இல்லாட்டி தூக்க மாத்திரைம்பாங்க. ஓலான்சபின், ரிஸ்பெரிடோன், குட்டியாபின், குளோசபின், ஹாலோபெரிடால், அரிபிப்ரசோல், அமிசல்பிரைட், எல்லாம் இந்தக் குடும்பம்தான். 1952ல பாரிஸ்ல ஒரு ஆஸ்பத்திரில குளோர்ப்ரோமசின்னு ஒரு மருந்த குடுத்துப் பாத்து, வருசக்கணக்குல அறைக்குள்ள அடைஞ்சு கெடந்தவங்க தெளிஞ்சு பேச ஆரம்பிச்சதுல இருந்து இந்த வரலாறு தொடங்குது. தூக்கம் வர்றது இந்த மருந்துகளோட ஒரு பக்க விளைவுங்க, வேலை அது இல்ல. மூளையில ஒரு நரம்பு இன்னொண்ணுக்கு சேதி சொல்ல டோபமின்னு ஒரு பொருள் இருக்கு, சில பேருக்கு அது சில எடத்துல அளவுக்கு மீறி ஓடறதாலதான் இல்லாத குரல் கேக்கறது, எல்லாரும் தன்னைப் பத்தியே பேசற மாதிரி தோணறதெல்லாம் வருது. தடப்பள்ளி வாய்க்கால்ல தண்ணி ஏறி வந்தா மடைய சித்த எறக்கி விடுவாங்கல்ல, அந்த வேலைய இந்த மாத்திரை தெனமும் பண்ணுது. தெனமும் பண்ணாத்தான் பண்ணுனதா அர்த்தம்.

தூக்க மாத்திரைன்னு பேரு வெச்சதுல ஒரு பெரிய கெடுதல் இருக்குங்க, தூக்கத்துக்குத்தானே இது, தண்ணி போட்டா தானா தூக்கம் வருது, அப்புறம் மாத்திரை எதுக்குன்னு ஒரு கணக்கு வந்துருது. எங்க மாமா சொன்னதும் இதே கணக்குதான்.

சரி, ரெண்டும் உள்ள போனா என்ன ஆகும். இந்த மருந்துகள்ல பலது டோபமினோட நிக்கறதில்ல, ஹிஸ்டமின்னு இன்னொண்ணையும் அடைக்குது, அதுலதான் தூக்கமும் அகோரப் பசியும் வருது, ரத்தக் குழாய இறுக்கிப் புடிக்கற சிக்னலையும் தளர்த்துது, அதுலதான் எந்திரிச்சு நின்னா கண்ணைக் கட்டிட்டு வர்றது. சாராயம் என்ன பண்ணுதுன்னா மூளையோட பிரேக்க அழுத்துது, ஆக்சிலேட்டர்ல இருந்து காலையும் எடுத்துருது. ரெண்டும் ஒரே பக்கம் இழுக்கற மாடுங்க, மருந்து பாதித் தூரம் இழுத்து வெச்சிருக்கற எடத்துல இருந்து தண்ணி மீதிய இழுக்குது. மத்தவங்களுக்கு ஒரு கட்டிங் பண்ற வேலைய இவங்களுக்கு அதுல பாதியே பண்ணிரும். எல்லா மருந்தும் ஒரே அளவில்ல, குட்டியாபின், ஓலான்சபின், குளோசபின், குளோர்ப்ரோமசின் இதெல்லாம் தூக்கம் ஜாஸ்தி, அரிபிப்ரசோல், அமிசல்பிரைட்ல கம்மி. அதுனால அவன் நரம்பு மாத்திரை போட்டுட்டு குடிச்சான், ஒண்ணும் ஆகலையேன்னு சொல்றதுல அர்த்தமே இல்லீங்க, அவன் மாத்திரை வேற, உங்க மாத்திரை வேற.

இன்னொண்ணு, இந்த சீட்டுகள்ல பாதிக்கு மேல ராத்திரிக்கு பதட்டத்துக்கும் தூக்கத்துக்கும் குடுக்கற குளோனசிபாமோ லோராசிபாமோ கூட இருக்கும். அதுவும் சாராயம் அழுத்தற அதே பிரேக்கத்தான் அழுத்துது. மூணும் சேந்தா மூச்சு மந்தமாகற அபாயம் நெசமாவே இருக்கு. உங்க ஊட்டுல யாரு சீட்டுலயாவது அந்தப் பேரு இருந்தா தயவு பண்ணி டாக்டர்கிட்ட குடிய பத்தி மறைக்காம சொல்லிருங்க.

குவாட்டர் கணக்கு ஒண்ணு சொல்றேன், எங்க ஊட்டுல இத எழுதி காமிச்சதுக்கு அப்புறம்தான் எல்லாரும் நிமிந்து உக்காந்தாங்க. பாட்டில்ல 42.8 சதவீதம்னு போட்டிருக்கும். 180 மில்லியில அப்படின்னா சுத்தமான சாராயம் 77 மில்லி, எடையில 60 கிராம் வருது. டாக்டருங்க ஒரு அளவு குடின்னு கணக்கு வெக்கறது 10 கிராம். ஆக ஒரு குவாட்டர்ங்கறது ஆறு அளவு. ஈரல் ஒரு மணி நேரத்துக்கு தோராயமா 7ல இருந்து 10 கிராம் வரைக்கும்தான் கரைக்கும், சோடா எத்தனை ஊத்துனாலும், கெடா கறி எவ்வளவு தின்னாலும் அந்த வேகம் பெருசா கூடறதில்ல, கறி தின்னா ஏறறதுதான் சித்த மெதுவாகும். அப்போ ராத்திரி 9 மணிக்கு ஒரு குவாட்டர் முடிச்சவரு உடம்புல விடியக்காலை 4, 5 மணி வரைக்கும் அது ஓடிட்டு இருக்கு. குடிச்சிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு மாத்திரை போட்டா சரியாப் போச்சுன்னு நெனைக்கறாங்கல்ல, அந்தக் கணக்கு எங்கயும் நிக்காது. பீர்தானேம்பாங்க, 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம்னா அதுலயும் 40 கிராம் இருக்கு.

கள்ளைப் பத்தியும் சொல்லோணும், நம்ம பக்கம் அது ஒரு தனி வாதம். 1987ல இருந்து தமிழ்நாட்டுல கள்ளுக்குத் தடை, அதை எடுக்கோணும்னு கொங்கு விவசாயிக ரொம்ப காலமா கேக்கறாங்க, அந்த ஞாயத்துக்குள்ள நான் போகல. ஆனா கள்ளு உணவு, அது மருந்தோட சேந்தா ஒண்ணும் பண்ணாதுன்னு எங்க அப்பாரு காலத்து ஆளுக சொல்றது தப்புங்க. புளிச்ச கள்ளுல இருக்கறதும் அதே எத்தனால்தான், செறிவு கம்மி அவ்வளவுதான், சொம்புக் கணக்குல குடிச்சா கணக்கு சரியாப் போயிரும்.

எங்க மாமா விழுந்த ராத்திரிய சொல்றேன். அம்மிச்சியும் (அம்மாவப் பெத்தவங்க) அவரும் மட்டும் தோட்டத்துச் சாளையில இருக்காங்க, அவரு வாசல்ல கவுத்துக் கட்டில்ல படுப்பாரு. அன்னைக்கு நோம்பி, யாரோ வாங்கிக் குடுத்து குடிச்சிருக்காரு, அம்மிச்சிக்குத் தெரியாது, எப்பவும் போல மாத்திரைய கையில குடுத்து தண்ணியும் குடுத்துட்டாங்க, அவரும் மாட்டேன்னு சொன்னா குடிச்சது தெரிஞ்சு போகுமேன்னு வாயில போட்டுட்டாரு. 2 மணி வாக்குல ஒண்ணுக்குப் போக எந்திரிச்சவரு நாலு எட்டு வெச்சிருப்பாரு, மாட்டுத் தொட்டி மூலையில புருவம் பட்டு விழுந்து கெடந்தாரு. நாய் கொலைச்ச சத்தத்துலதான் அம்மிச்சி எந்திரிச்சு வந்தது. ஏழு தையல். படுத்திருந்து படக்குனு எந்திரிச்சா கால்ல ரத்தம் எறங்கிரும், நல்ல உடம்புல ரத்தக் குழாய் உடனே இறுகி தலைக்கு ரத்தத்தை அனுப்பிரும், மருந்து அந்த இறுக்கத்தை தளர்த்தி வெச்சிருக்கு, சாராயமும் குழாய விரிச்சு விடுது, அதோட உடம்புத் தண்ணிய ஒண்ணுக்காவும் வெளிய தள்ளிருது. இப்ப அவரு எந்திரிக்கறதுன்னா முதல்ல கட்டில்லயே காலைத் தொங்கப்போட்டு ஒரு நிமிசம் உக்காந்துட்டுத்தான் எந்திரிப்பாரு, கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு லைட்டும் போட்டு வெச்சிருக்கோம்.

அன்னைக்கு அவரு கட்டில்லயே மல்லாக்க படுத்து வாந்தி எடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனைச்சாலே எனக்கு இன்னும் கை நடுங்குது. இந்த மருந்துகள் முழுங்கற வேலையையே மந்தமாக்கும், தொண்டை எப்பவும் போல வேகமா வேலை செய்யாது, மேல மயக்கமும் சேந்தா வாந்தி மூச்சுக் குழாய்க்குள்ள போயிரும். அதுனால குடிச்சுட்டு மாத்திரையும் போட்டவர மல்லாக்க விடாதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, மேல் காலை மடக்கி விட்டு, தலைய கொஞ்சம் பின்னால சாச்சு, வாய் கீழ பாத்த மாதிரி வெச்சுருங்க. தூங்கட்டும்னு விட்டுட்டுப் போகாதீங்க. தட்டி எழுப்புனா எந்திரிக்கல, கொறட்டை விட்டு விட்டு வருது, மூச்சு ரொம்ப மெதுவா இருக்குது, ஒதடு நெறம் மாறுதுன்னா 108 கூப்பிடுங்க, மோர் ஊத்தறேன், எலுமிச்சை ஊத்தறேன்னு வாயில எதையும் ஊத்திராதீங்க. வர்றவங்ககிட்ட மாத்திரை அட்டையக் காமிச்சு எத்தனை மணிக்கு எவ்வளவு குடிச்சாருங்கறதையும் சொல்லுங்க. ஏன்னா ஆஸ்பத்திரில கத்தறாரு, ஆடறாருன்னு அமைதிப்படுத்த ஊசி போடற நேரத்துல உள்ள சாராயம் இருக்குதுன்னு தெரிஞ்சா அவங்க எந்த ஊசி, எவ்வளவுன்னு வேற மாதிரி முடிவு எடுப்பாங்க.

இப்ப அந்தத் தம்பி கேட்டதுல ரெண்டாவது பாதிக்கு வர்றேன், ஒரு நாள் விட்டுறட்டுங்களா. எனக்கு இதுதான் நெம்ப வெசனம். முதல்ல, ஒரு நாள் மாத்திரைய விட்டா மருந்து உடம்புல இருந்து போயிரும்னு நெனைக்கறதே தப்பு. ஓலான்சபின் பாதி அளவு கொறையறதுக்கே ஒரு நாளைக்கு மேல ஆகும், சராசரியா 30 மணி நேரம், அரிபிப்ரசோலுக்கு மூணு நாள் ஆகும். மாசம் ஒருக்கா ஊசி போட்டுக்கறவங்களுக்கு சொல்லவே வேண்டாம், அது தோள்ல, இல்ல இடுப்புல இருந்துக்கிட்டு தெனமும் கசிஞ்சுக்கிட்டே இருக்கும், அவங்க எந்த நாள்ல குடிச்சாலும் மருந்தோடதான் குடிக்கறாங்க. ஆக மாத்திரைய விட்டதுல கலப்பு நின்னு போகல, காப்புதான் கொறைஞ்சுது.

அப்புறம் பாருங்க, ஒரு நாள் விட்டா மறுநாள் காலையில ஒண்ணும் ஆகாது. அதுதான் கெடுதலே. சக்கரை மாத்திரைய விட்டா சக்கரை ஏறுனது டெஸ்ட்ல தெரியும், வலி மாத்திரைய விட்டா வலி சொல்லிரும். இதுல எதுவும் தெரியாது, சொல்லப்போனா சித்த சுறுசுறுப்பா கூட இருக்கும், நல்லாத்தானே இருக்கேன்னு அடுத்த சனிக்கிழமையும் விடத் தோணும், அப்புறம் ஞாயித்துக்கிழமையும் சேந்து போகும், மாசத்துக்கு எட்டு நாள் ஆச்சு. நோய் ரெண்டு மூணு வாரம், சில பேருக்கு ரெண்டு மூணு மாசம் கழிச்சு மெல்ல எட்டிப் பாக்கும், தூக்கம் கொறையும், தனியா சிரிப்பாங்க, சோத்துல ஏதோ கலந்துட்டாங்கன்னு தட்டைத் தள்ளி விடுவாங்க. அந்த நேரத்துல யாருக்கும் அந்த சனிக்கிழமைக ஞாபகத்துக்கு வராது, யாரோ செய்வினை வெச்சுட்டாங்கன்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போவாங்க. 1999ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வு, முதல் தடவை நோய் வந்து தெளிஞ்சவங்கள 5 வருசம் தொடர்ந்து பாத்தாங்க, மருந்த நிறுத்துனவங்களுக்கு நோய் திரும்பற வாய்ப்பு கிட்டத்தட்ட 5 மடங்கு இருந்துச்சு. குடி அதுக்கு நேரா ஒரு வழி போட்டுக் குடுக்குது.

எங்க ஊட்டுல நடந்தது இதுக்கு மேல. மாமாவுக்கு திரும்ப குரல் கேக்க ஆரம்பிச்சுது, அம்மிச்சி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போச்சு. டாக்டர் கேட்டாரு, மாத்திரை ஒழுங்கா போடறாருங்களா, போடறாருங்க. குடிப்பழக்கம் ஏதாவது இருக்குதுங்களா, ஐயோ அதெல்லாம் இல்லீங்க சாமி. அம்மிச்சிக்கு மூணாவது வருசமே குடிக்கறது தெரியும், சொன்னா வைத்தியம் பாக்க மாட்டேன்னு அனுப்பிருவாருன்னு பயம், அதோட மானம். டாக்டர் என்ன பண்ணுவாரு பாவம், ஒழுங்கா மாத்திரை போட்டும் நோய் அடங்கலைன்னு 10ஐ 15 ஆக்குனாரு, 15ஐ 20 ஆக்குனாரு. அப்ப வாரத்துல அஞ்சு நாள் அவரு தேவைக்கு மேல மாத்திரை போட்டு மத்தியானம் வரைக்கும் தூங்கறாரு, ரெண்டு நாள் குடிக்கறாரு, அதுல ஒரு நாள் 20 மில்லிகிராம் மேல ஒரு குவாட்டர். அந்தத் தொட்டி மூலைக்கு அவர கொண்டு போனது இந்தப் பொய்தான்னு நான் நெனைக்கறேன். அம்மிச்சிய குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல, ஆனா நடந்தது இது.

குடிய படக்குனு நிறுத்தறதுலயும் ஒரு ஆபத்து இருக்குது, இது நெறைய பேருக்குத் தெரியறதில்ல. தெனமும் குடிக்கறவரு திடீர்னு நிறுத்துனா கடைசியா குடிச்சு 6 மணி நேரத்துல இருந்து 48 மணி நேரத்துக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டு நாள்ல இருந்து நாலு நாளுக்குள்ள கை கால் நடுங்கி, வேர்த்து ஊத்தி, எடம் காலம் தெரியாம, சுவத்துல பூச்சி ஊருதுன்னு பேச ஆரம்பிக்கலாம். நம்ம சீட்டுல இருக்கற மருந்துகள் சிலது வலிப்பு வர்ற வாசல இன்னும் தாழ்வா ஆக்கி வெச்சிருக்கும், முக்கியமா குளோசபின், அடுத்தது குளோர்ப்ரோமசின், டோஸ் ஏற ஏற அபாயமும் ஏறும். இதுல கொழப்பம் என்னன்னா, பூச்சி ஊருதுங்கறத கேட்ட ஊட்டுக்காரங்க பழைய நோய்தான் திரும்பிருச்சுன்னு நரம்பு மாத்திரைய ஒண்ணுக்கு ரெண்டா குடுத்துருவாங்க. குடி நிறுத்துனதுல வர்ற அந்த நெலமைக்கு வைத்தியமே வேற, ஆஸ்பத்திரில வெச்சு வேற மருந்தும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் குடுத்துப் பாக்கறது. அதுனால தெனக் குடியா இருந்தா ஊட்டுல பூட்டி வெச்சு நிறுத்தறேன்னு எறங்காதீங்க.

அதவிட மோசமானது, சோத்துல கலந்து குடுக்கற மருந்து. குடிக்கறவருக்குத் தெரியாம கொழம்புல போட்டுக் குடுங்க, தானா விட்டுருவாருன்னு பொடி விக்கறாங்க, சில பேரு குடிய விட வெக்க டாக்டருங்க குடுக்கற டைசல்பிராம் மாத்திரையவே நசுக்கிப் போடறாங்க. டைசல்பிராம் உள்ள இருக்கும்போது குடிச்சா சாராயம் கரையற வழியில நடுவுல வெசம் மாதிரி ஒரு பொருள் தேங்கும், மூஞ்சி செவந்து, நெஞ்சு அடிச்சு, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் எறங்கிரும், உசுரே போகலாம், மாத்திரைய நிறுத்தி 14 நாள் வரைக்கும் இது வரலாம். ஏற்கனவே ரத்த அழுத்தத்த தளர்த்தற மாத்திரை போடற ஆளுக்கு இது என்ன பண்ணும்னு யோசிங்க. அதோட டைசல்பிராமுக்கு மனநோயையே கெளப்பி விடற கொணம் உண்டு. இன்னொண்ணும் இருக்கு, சோத்துல ஏதோ கலந்துட்டாங்கன்னு நோயில பயந்த மனுசன் அவரு, இப்ப நெசமாவே கலந்திருக்காங்க, அது தெரிய வந்துச்சுன்னா அதுக்கப்புறம் அந்த ஊட்டுல யாரு கையால சாப்புடுவாரு?

வெயில் காலத்தையும் சொல்லிறேன். பங்குனி, சித்திரையில நம்ம பக்கம் வெயில் 40ஐத் தாண்டிருது, அதே நேரம்தான் நோம்பி, அதே நேரம்தான் ஜாஸ்தி குடி. இந்த மருந்துகளும், நடுக்கத்துக்குக் கூடக் குடுக்கற டிரைஹெக்சிபெனிடில் மாத்திரையும் உடம்பு வேர்த்துக் குளுந்துக்கற வேலைய கொறைக்குது, சாராயம் தண்ணிய இழுத்து வெளிய விடுது. மத்தியானம் குடிச்சுட்டு வெயில்ல படுத்துக் கெடந்தா காச்சல் அனலாக் கொதிக்கும், ஒடம்பு வெறைச்சுப் போகும், பேச்சு கொழறும், அத போதைன்னு நெனைச்சு நிழல்ல போட்டு வெக்கறதோட நிறுத்திராதீங்க, அது ஓடிப் போயி ஆஸ்பத்திரில சேக்க வேண்டிய நெலம.

எடை, சக்கரை, ஈரல் இதெல்லாம் மெதுவா வர்றது. ஓலான்சபின், குளோசபின்ல எடை ஏறும், ஒரு குவாட்டர்ல 400 கலோரிக்கு மேல இருக்கு, தொட்டுக்க இருக்கறத சேக்காமயே. பீடி சிகரெட்டும் ஒரு விசயம், பொகை இந்த ரெண்டு மருந்தையும் ஈரல் சீக்கிரம் கரைச்சுத் தள்ள வெச்சுரும், அதுனால நெறைய ஊதறவருக்கு மருந்து கம்மியாத்தான் நிக்கும், அதே ஆளு படக்குனு பீடிய விட்டா மருந்து ஏறிக்கும். நிறுத்தறது நல்லதுதான், நிறுத்தப் போறேன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டு நிறுத்துங்க. வண்டியப் பத்தி ஒண்ணே ஒண்ணு, 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் சாராயமுங்கற சட்ட அளவு மாத்திரையோட மயக்கத்த கணக்குல சேக்கறதில்ல, மாத்திரை போடறவரு அதுக்குக் கீழ இருந்தாலும் எக்ஸெல் வண்டியில ஏறக் கூடாது.

ஏன் குடிக்கறாங்கன்னு கேக்காம இதையெல்லாம் சொல்லி புண்ணியம் இல்லீங்க. 1990ல அமெரிக்காவுல வந்த ஒரு பெரிய கணக்கெடுப்புல சிசோப்ரினியா இருக்கறவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு வாழ்நாள்ல எப்பவாவது குடிப்பிரச்சனை இருந்துச்சு. மாமாகிட்ட ஒரு நாள் நேராவே கேட்டேன், ஏன் மாமா, தெரிஞ்சும் ஏன் குடிக்கறீங்கன்னு. சித்தங்கூரம் பேசாம இருந்துட்டு சொன்னாரு, "மாத்திரை போட்டா காலு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது கண்ணு, உள்ளுக்குள்ள யாரோ முடுக்கி விட்ட மாதிரி இருக்குது, தண்ணி போட்டா அது சித்த அடங்குது." அந்தக் கால் பரபரப்புக்கு அகதீசியான்னு பேரு, இந்த மருந்துகளோட தெரிஞ்ச பக்க விளைவு, டோஸ மாத்தியோ மாத்திரைய மாத்தியோ சரி பண்ற விசயம். அவரு அதுக்கு வாரம் ரெண்டு குவாட்டர் செலவு பண்ணிட்டு இருந்திருக்காரு, சாராயம் எறங்கும்போது அந்தப் பரபரப்ப இன்னும் கூட்டத்தான் செய்யுது. இத அவரு டாக்டர்கிட்ட சொன்னதே இல்ல. டாக்டர் கேட்டது தூக்கம் வருதா, குரல் கேக்குதா, ரெண்டே கேள்வி, வெளிய அறுபது பேரு உக்காந்திருக்காங்க.

ரெண்டாவது காரணம் நம்ம ஊரு. ஒருத்தன் குடிக்கறான்னா, வயசுப் பையன், கல்யாணம் ஆனா சரியாப் போயிரும்னு பொண்ணு குடுத்துருவாங்க. நரம்பு மாத்திரை போடறான்னு தெரிஞ்சா தெருவத் தாண்டி அந்தச் சேதி போயிரும், தங்கச்சிக்குக் கூட மாப்ள வராது. அப்போ கெடா வெட்டுல டம்ளர நீட்டும்போது வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க, பதில் சொல்லோணும், அதுக்குக் குடிச்சுறலாம். இந்தக் கொடுமைய மாத்தறதுக்கு நாள் ஆகும், அது வரைக்கும் அந்த ஆளு தப்பிக்க ஒரு வழி வேணும்ல. நான் பாத்த வரைக்கும் நம்ம பக்கம் யாரும் மறு பேச்சு பேசாத ஒரே காரணம் மஞ்சக்காமாலை. "மஞ்சக்காமாலை வந்து இப்பத்தானுங்க கொணமாச்சு, ஈரல் கெட்டுருமுன்னு தொடவே கூடாதுன்னுட்டாங்க." அவ்வளவுதான், டம்ளர அவங்களே நகத்திருவாங்க, கூட ரெண்டு கீழாநெல்லி வைத்தியமும் சொல்லுவாங்க. பொய்தான், தெரியும். டாக்டர்கிட்ட சொல்ற பொய்யால மாமா தொட்டியில விழுந்தாரு, பங்காளிகிட்ட சொல்ற இந்தப் பொய்யால யாரும் விழுந்துற மாட்டாங்க.

டாக்டர்கிட்ட மட்டும் முழுசா சொல்லிருங்க, எத்தனை நாளைக்கு ஒருக்கா, எவ்வளவு, மாத்திரைய எத்தனை நாள் விட்டீங்க. பேச வாய் வரலைன்னா துண்டுச் சீட்டுல எழுதிக் குடுங்க. குடிச்ச ராத்திரி மாத்திரை போடறதா வேண்டாமாங்கறத நீங்களா முடிவு பண்ணாதீங்க, தெளிவா இருக்கற ஒரு நாள்ல முன்னாடியே கேட்டு வெச்சுக்குங்க, மருந்துக்கு மருந்து, ஆளுக்கு ஆளு அந்தப் பதில் மாறும். குடி ஆசைய கொறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட்டுன்னு மாத்திரைக இருக்கு, ஈரல், கிட்னி டெஸ்ட் பாத்துட்டு இவங்களுக்கும் குடுக்கறாங்க. மாவட்ட மனநலத் திட்டத்துல அரசு ஆஸ்பத்திரிலயே டாக்டர் பாக்கறாங்க, மருந்து இலவசம். கூட்டிட்டுப் போற நெலமையில்லைன்னா 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ், மத்திய அரசு 2022ல ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் தமிழ்ல பேசுவாங்க, காசு இல்ல. குடிச்ச நேரத்துல மனசு ஒடைஞ்சு செத்துறலாம்னு பேசுனா அத போதைப் பேச்சுன்னு தள்ளாதீங்க, இந்த நோயும் குடியும் சேந்தா அந்த அபாயம் கூடும், பக்கத்துலயே இருங்க, தோட்டத்துல இருக்கற பூச்சி மருந்த பூட்டி சாவிய கையில வெச்சுக்குங்க.

மாமாவுக்கு இப்ப மாத்திரைய மாத்தியிருக்காங்க, கால் பரபரப்பு முக்காவாசி கொறைஞ்சிருச்சு. துண்டுச் சீட்டு எழுதுனது நான், நீட்டுனது அம்மிச்சி. டாக்டர் படிச்சுட்டு ஒரு வார்த்தை திட்டல, இத மூணு வருசத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா டோஸே ஏத்தியிருக்க மாட்டேனுங்கம்மான்னு மட்டும் சொன்னாரு. குடி முழுசா நின்னுருச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆறு மாசத்துல ரெண்டு தடவை குடிச்சாரு, ரெண்டு தடவையும் அம்மிச்சிகிட்ட வந்து அவராவே சொல்லிட்டாரு.

அந்தத் தம்பிகிட்ட அன்னைக்கு கவுண்டர் மேலயே குவாட்டர் கணக்க பில்லு பின்னாடி எழுதி காமிச்சேன், மாத்திரைய விட வேண்டாம், குடிக்காம சமாளிக்கற வழிதான் பாக்கோணும்னு சொல்லி மஞ்சக்காமாலை யோசனையும் சொன்னேன், தம்பி மொதல் தடவையா சிரிச்சுச்சு. ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப வந்து எடை மெஷின் பக்கத்துல நிக்காம நேரா கவுண்டருக்கு வந்து சீட்டை நீட்டுச்சு. "அக்கா, பெரியப்பா ஊட்டுல இருந்து மூணு கட்டு கீழாநெல்லி குடுத்து உட்டிருக்காங்க, அத என்னுங்க பண்றது?"